சிறுநீரக நோயும் எலும்பு இழப்பும்: கண்டறிவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீரக நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவரிடம் "எலும்பையும் பார்த்துவிடலாம்" என்று ஒரு சீட்டை எழுதிக் கொடுத்தால், அடுத்த பத்து நிமிடத்தில் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். நோயாளிகள் கேட்பவை, துணைக்கு வருபவர்கள் கேட்பவை, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்பவை என எல்லாவற்றையும் அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எலும்பு எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்த எலும்பு பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டும் வேலையை எந்த வேகத்தில் செய்கிறது என்பது வேறொரு கேள்வி. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குப் பெரும்பாலும் முதல் கேள்வியே போதும். சிறுநீரக நோயாளிக்கு இரண்டுக்கும் விடை தெரிய வேண்டும். ஒரே பரிசோதனை இரண்டையும் சொல்லிவிடாது என்பதால்தான் இத்தனை சீட்டுகள்.

கிட்னியிலதானே பிரச்சினை? எலும்பை எதுக்குப் பார்க்கச் சொல்றாங்க?

சிறுநீரகம் கழிவை மட்டும் வெளியேற்றுவதில்லை. உணவில் வரும் பாஸ்பரஸில் மிச்சமானதை வெளியே அனுப்புவதும், வைட்டமின் டி-யை உடல் பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதும் அதன் வேலைதான். இவை இரண்டும் குறையும்போது கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பி.டி.எச். என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கின்றன. அந்த ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். வருடக்கணக்கில் இது நடந்தால் எலும்பின் வெளி ஓடு மெலிந்து, உள்ளே துளைகள் பெருகும்.

இதை எலும்பு நோய் என்று மட்டும் தனியாகப் பார்க்க முடியாது. எலும்பை விட்டு வெளியேறும் தாதுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து அதைக் கல்லாக்கவும் செய்யும். அதனால் ரத்தத்தில் உள்ள தாது அளவுகள், எலும்பு, ரத்தக்குழாய் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே கோளாறாகப் பார்க்க வேண்டும் என்று 2006-இல் கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேச சிறுநீரக நல அமைப்பு வரையறுத்தது. கீழே பல இடங்களில் வரும் வழிகாட்டுதல்களும் அந்த அமைப்பினுடையவைதான்.

எனக்கு எலும்பு வலியே இல்லையே. அப்ப ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்?

இல்லை. எலும்பு இழப்பு வலிக்காது, உடைந்தால்தான் வலிக்கும். அதிலும் முதுகெலும்பில் ஏற்படும் நசுங்கல் முறிவுகள் பல நேரங்களில் "ஏதோ முதுகுப் பிடிப்பு" என்று கவனிக்கப்படாமலே போய்விடுகின்றன. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இடுப்பு எலும்பு முறியும் வாய்ப்பு, அதே வயதுள்ள மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. முறிந்த பிறகு கண்டுபிடிப்பது ரொம்பத் தாமதம்.

செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகால் சுவரைத் தொடும்படி நிமிர்ந்து நின்று உயரத்தை அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். இளவயதில் இருந்த உயரத்தைவிட 4 செ.மீ. அளவுக்குக் குறைந்திருந்தாலோ, தொடர்ந்து அளந்துவரும்போது 2 செ.மீ. குறைந்தாலோ, முதுகெலும்பைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய சட்டை முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் தொங்குகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் அதையும் அலட்சியப்படுத்த வேண்டாம். முதுகு கூனத் தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம்.

முட்டி ரெண்டும் வலிக்குது. எலும்பு தேஞ்சதாலதானே?

பெரும்பாலும் அது மூட்டின் குருத்தெலும்பு சம்பந்தப்பட்டது. இந்தப் பக்கத்தில் பேசும் எலும்பு இழப்பு அதுவல்ல. யூரிக் அமிலம், நீண்டகால டயாலிசிஸில் மூட்டுகளில் படியும் ஒருவகைப் புரதம் என்று சிறுநீரக நோயாளியின் மூட்டு வலிக்கு வேறு காரணங்களும் உண்டு. வலியைத் தனியாகச் சொல்லுங்கள். அதற்கான விடை எலும்பு அடர்த்தி ரிப்போர்ட்டில் இருக்காது.

எந்த ஸ்டேஜ்ல இருந்து பார்க்கணும்? எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை?

சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண் 60-க்குக் கீழே வந்ததுமே, அதாவது மூன்றாம் நிலையிலேயே ரத்தப் பரிசோதனைகளைத் தொடங்கிவிட வேண்டும். மூன்றாம் நிலையில் கால்சியம், பாஸ்பரஸ் இரண்டும் 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை. நான்காம் நிலையில் அவை 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை, பி.டி.எச். 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை. ஐந்தாம் நிலையிலும் டயாலிசிஸிலும் கால்சியம், பாஸ்பரஸ் 1 முதல் 3 மாதத்துக்கு ஒரு முறை, பி.டி.எச். 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை. நான்காம் நிலையிலிருந்து ஆல்கலைன் பாஸ்படேஸ் ஆண்டுக்கு ஒரு முறையாவது. சிகிச்சையை மாற்றியிருந்தால் இந்த இடைவெளிகள் சுருங்கும்.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு இப்படிக் காலண்டர் கிடையாது. அது ஏன் என்பதைக் கீழே டெக்ஸா பற்றிய பதிலில் பாருங்கள்.

ரத்த ரிப்போர்ட்ல கால்சியம் நார்மல். அப்ப எலும்பும் நல்லாத்தான் இருக்கும்?

அதிகம் பேரை ஏமாற்றும் எண் இதுதான். உடலில் உள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் குறைந்தால் இதயமும் தசையும் ஒழுங்காக இயங்காது என்பதால், எலும்பிலிருந்து எடுத்தாவது உடல் அதைச் சமன் செய்துவிடும். ஆகவே "நார்மல்" என்று வரும் கால்சியம் எலும்பின் செலவில் வந்த நார்மலாகவும் இருக்கலாம். பி.டி.எச்.-ஐச் சேர்த்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

பாஸ்பரஸும் அப்படித்தான். இ.ஜி.எஃப்.ஆர். 30-ஐ ஒட்டி இறங்கும்வரை பலருக்கு அது வரம்புக்குள்ளேயே இருக்கும். எலும்புச் செல்கள் சுரக்கும் எஃப்.ஜி.எஃப்.-23 என்ற ஹார்மோனும் பி.டி.எச்.-உம் சேர்ந்து அதை அடக்கி வைத்திருப்பதே காரணம். இன்னொன்று: ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைவாக இருப்பவருக்கு மொத்தக் கால்சியம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் அயனிக் கால்சியம் என்று தனியாகப் பார்ப்பார்கள்.

வைட்டமின் டி டெஸ்ட்ல ரெண்டு வகை போட்டிருக்காங்க. எதை எடுக்கணும்?

25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. உடலில் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்பதைக் காட்டுவது அதுதான். 1,25 என்று தொடங்கும் மற்றொன்று வழக்கமான கண்காணிப்புக்குத் தேவைப்படுவதில்லை.

பி.டி.எச். 300-னு வந்திருக்கு. நார்மல் 65 வரைதானே? பயப்படணுமா?

முதலில் டயாலிசிஸில் இருக்கிறீர்களா இல்லையா என்று சொல்லுங்கள். சிறுநீரகம் செயலிழந்த உடலில் எலும்பு பி.டி.எச்.-இன் பேச்சை அவ்வளவாகக் கேட்பதில்லை. அதே அளவு வேலையை வாங்கவே அதிக ஹார்மோன் தேவைப்படுகிறது. அதனால் டயாலிசிஸில் இருப்பவருக்கு நார்மலின் மேல்வரம்பைப் போல 2 முதல் 9 மடங்கு வரை இருக்கலாம் என்பது வழிகாட்டுதல். மேல்வரம்பு 65 என்றால் ஏறக்குறைய 130-இல் இருந்து 585 வரை. உங்கள் 300 அதற்குள்தான் இருக்கிறது. டயாலிசிஸ் தொடங்காதவருக்கு இப்படி ஒரு திட்டவட்டமான இலக்கு இல்லை. அவருக்கு ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தனி ஒரு எண்ணுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. 180, 260, 390 என்று ஏறும் மூன்று எண்கள் எனக்குச் சொல்வது, அசையாமல் நிற்கும் 450 சொல்வதைவிட அதிகம். அதோடு, பி.டி.எச்.-ஐ அளக்கும் கிட் ஒவ்வொரு ஆய்வகத்திலும் வேறாக இருக்கலாம். சிறுநீரகம் வேலை செய்யாதபோது ரத்தத்தில் தேங்கும் உடைந்த ஹார்மோன் துண்டுகளையும் சில கிட்கள் சேர்த்து எண்ணிவிடும். ஆகவே எப்போதும் ஒரே ஆய்வகத்தில் எடுங்கள்.

முடி கொட்டாமல் இருக்க பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் அதைச் சொல்ல வேண்டும். அதிக அளவு பயோட்டின் சில கிட்களில் பி.டி.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். சிறுநீரக நோயாளியின் உடலில் அது சீக்கிரம் வெளியேறுவதும் இல்லை. எந்த மருந்துச் சீட்டிலும் இல்லாமல் கடையில் வாங்கிச் சாப்பிடுவது என்பதால் இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை.

அப்ப பி.டி.எச். கம்மியா இருந்தா நல்லதுதானே?

ரொம்பக் குறைந்தாலும் கெடுதல்தான். நம் எலும்பில் அன்றாடம் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுகின்றன. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் மாறி மாறி வேலை செய்து அவற்றைச் சரிசெய்கின்றன. பி.டி.எச். மிகவும் அடங்கிவிட்டால் இந்த இரண்டு வேலையும் நின்றுவிடும். செப்பனிட ஆளில்லாத சாலை மாதிரி, பார்வைக்குக் கெட்டியாக இருந்தாலும் விரிசல் மேல் விரிசல் சேரும். இதைச் செயலற்ற எலும்பு நோய் என்கிறோம்.

நீரிழிவு உள்ளவர்கள், வயதானவர்கள், கால்சியம் மாத்திரையும் வீரியமான வைட்டமின் டி மாத்திரையும் நிறைய எடுப்பவர்கள் ஆகியோருக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். இப்படிப்பட்ட எலும்பு கால்சியத்தை உள்வாங்காது. சாப்பிடும் கால்சியம் போக இடமில்லாமல் ரத்தக்குழாய்களில் போய்ப் படியும். "எலும்புக்கு நல்லது" என்று தாமாகவே கால்சியம் மாத்திரை வாங்கிச் சாப்பிடும் சிறுநீரக நோயாளிகளை நான் கடிந்துகொள்வது இதனால்தான்.

ஆல்கலைன் பாஸ்படேஸ்னா லிவர் டெஸ்ட்தானே? கிட்னி டாக்டர் அதை ஏன் பார்க்கிறார்?

அந்த நொதி கல்லீரலிலும் இருக்கிறது, எலும்பைக் கட்டும் செல்களிலும் இருக்கிறது. கல்லீரலின் மற்ற எண்கள், குறிப்பாக ஜி.ஜி.டி., சரியாக இருந்தும் ஆல்கலைன் பாஸ்படேஸ் மட்டும் ஏறியிருந்தால், சந்தேகம் எலும்பின் மேல்தான் விழும். எலும்பிலிருந்து வருவதை மட்டும் பிரித்து அளக்கும் பரிசோதனையும் உண்டு. பி.டி.எச்.-உம் இதுவும் சேர்ந்து ஏறினால் எலும்பில் வேலை மிக வேகமாக நடக்கிறது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். இரண்டும் அடங்கியிருந்தால் மேலே சொன்ன செயலற்ற எலும்பைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் எதிரெதிராக வந்தால்தான் சிக்கல்.

எலும்பு கரையும்போது ரத்தத்தில் கலக்கும் ஒரு துணுக்கை அளப்பது சி.டி.எக்ஸ். எலும்பு மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் அந்தப் பரிசோதனையைச் சிறுநீரக நோயாளிக்கு எடுத்துவிட்டு ஏமாறுவதும் நடக்கிறது. அந்தத் துணுக்கு சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டியது. வெளியேறாமல் தேங்குவதால் எண் எப்போதும் ஏறியே இருக்கும். எலும்புக்கென்று பிரித்து அளக்கும் ஆல்கலைன் பாஸ்படேஸுக்கும், எலும்பின் வேகத்தைக் காட்டும் வேறு இரண்டு ரத்தப் பரிசோதனைகளான, முழு மூலக்கூறாக அளக்கப்படும் பி1என்.பி.-க்கும், டிராப்-5பி-க்கும் இந்தக் குறை இல்லை.

சாதா எக்ஸ்ரே போதாதா?

இழப்பைத் தொடக்கத்திலேயே பிடிப்பதற்குப் போதாது. எலும்பில் சுமார் 30 சதவீதம் போன பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் மங்கலாகத் தெரியும்.

ஆனால் எக்ஸ்ரே வேறு மூன்று விஷயங்களுக்கு உதவும். முதுகெலும்பின் பக்கவாட்டுப் படம் மறைந்திருக்கும் நசுங்கலைக் காட்டும். வயிற்றின் பக்கவாட்டுப் படத்தில் பெருந்தமனிச் சுவர் வெள்ளைக் கோடாகத் தெரிந்தால், ரத்தக்குழாய் கல்லாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது, கைவிரல்கள். பி.டி.எச். நெடுங்காலம் மிக அதிகமாக இருந்தவருக்கு ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நடு எலும்பின் கட்டைவிரல் பக்க ஓரம், வழவழப்பாக இல்லாமல் எலி கொறித்ததுபோல் தெரியும். வேறெந்த நோயிலும் எளிதில் பார்க்க முடியாத அடையாளம் அது.

டெக்ஸா ஸ்கேன்னா உள்ளே தள்ளி மூடிடுவாங்களா? சாய ஊசி போட்டா கிட்னி இன்னும் கெட்டுடுமே?

மூட மாட்டார்கள், ஊசியும் கிடையாது. திறந்த மேசையில் பத்துப் பதினைந்து நிமிடம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும், மேலே ஒரு கை போன்ற கருவி நகரும். அவ்வளவுதான். கதிர்வீச்சும் நாம் ஒன்றிரண்டு நாளில் இயற்கையாகப் பெறும் அளவுதான். கிரியேட்டினினை இது ஏற்றாது.

முந்தைய 24 மணி நேரத்துக்குக் கால்சியம் மாத்திரை வேண்டாம் என்று சொல்வார்கள். கரையாத மாத்திரை முதுகெலும்புக்கு முன்னால் குடலில் கிடந்தால் எலும்போடு சேர்ந்து எண்ணப்பட்டுவிடும். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தச் சாப்பாட்டோடு எடுப்பதும் பலருக்குக் கால்சியம் மாத்திரைதான் என்பதால், அதை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சமீபத்தில் பேரியம் குடித்தோ சாய ஊசி போட்டோ வேறு ஸ்கேன் எடுத்திருந்தால் சில நாள் தள்ளிப் போடுவார்கள்.

கிட்னி நோய்க்கு டெக்ஸா பிரயோஜனம் இல்லைன்னு ஒரு டாக்டர் முன்னாடி சொன்னார். இப்ப இன்னொருத்தர் எடுக்கச் சொல்றார். யார் சொல்றது சரி?

இருவரும் அவரவர் காலத்து வழிகாட்டுதலின்படி சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். 2009-இல் வந்த வழிகாட்டுதல், தாது-எலும்புக் கோளாறு உள்ள மூன்றாம் நிலை முதல் டயாலிசிஸ் வரையிலான நோயாளிகளுக்கு வழக்கமாக டெக்ஸா எடுக்க வேண்டாம் என்றது. பொதுமக்களில் முறிவைக் கணிப்பதுபோல் இவர்களிடமும் டெக்ஸா கணிக்கும் என்பதற்கு அப்போது போதிய சான்று இல்லை. அது எந்த வகை எலும்பு நோய் என்றும் பிரித்துக் காட்டாது. பிறகு, நோயாளிகளை முன்கூட்டியே ஸ்கேன் எடுத்து வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் வந்தன. அடர்த்தி குறைந்தவர்களுக்கே முறிவும் அதிகம் என்பது சிறுநீரக நோயாளிகளிடமும் தெரிந்தது. 2017-இல் வழிகாட்டுதல் மாறியது: முடிவைப் பார்த்து சிகிச்சையை மாற்றப்போகிறோம் என்றால் முறிவு ஆபத்தை மதிப்பிட எடுக்கலாம்.

அந்த "என்றால்" முக்கியம். எந்த எண் வந்தாலும் மருந்தில் ஒன்றும் மாறப்போவதில்லை என்றால் ஸ்கேனும் வேண்டாம். ஸ்கேனுக்கு ஏன் காலண்டர் இல்லை என்பதற்கும் விடை இதுதான். எந்த வகை நோய் என்று பிரித்துக் காட்டாது என்ற பழைய குறை மட்டும் அப்படியே இருக்கிறது.

டி-ஸ்கோர் மைனஸ் 2.7. இதுக்கு என்ன அர்த்தம்?

ஆரோக்கியமான இளவயதினரின் சராசரி அடர்த்தியிலிருந்து உங்கள் எலும்பு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைக் காட்டும் எண் டி-ஸ்கோர். மைனஸ் 1-உம் அதற்கு மேலும் நார்மல். மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் இருந்தால் அடர்த்தி குறைவு. மைனஸ் 2.5-உம் அதற்குக் கீழும் ஆஸ்டியோபோரோசிஸ் என்கிற எலும்புப்புரை. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த எல்லைகள் இவை. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் 50 வயதுக்குக் குறைந்த ஆண்களுக்கும், அதே வயதினரோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோரைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கேதான் தொடக்கத்தில் பிரித்துச் சொன்ன இரண்டு கேள்விகளும் சந்திக்கின்றன. மைனஸ் 2.7 உள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு பி.டி.எச். 1100, ஆல்கலைன் பாஸ்படேஸும் ஏறியிருக்கிறது. அவருடைய எலும்பு வேகமாகக் கரைந்துகொண்டிருக்கிறது, முதலில் பி.டி.எச்.-ஐ இறக்க வேண்டும். மற்றவருக்கு பி.டி.எச். 60, ஆல்கலைன் பாஸ்படேஸ் அடிமட்டத்தில். அவருடைய எலும்பு உறங்குகிறது. கால்சியத்தையும் வீரிய வைட்டமின் டி-யையும் குறைத்து அதை எழுப்பப் பார்க்க வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருவருக்கும் ஒரே வரிதான். சிகிச்சை நேர் எதிர்.

முதுகுல நார்மல்னு இருக்கு, இடுப்புல கம்மின்னு இருக்கு. எதை நம்பறது?

இடுப்பை நம்புங்கள். டெக்ஸா ஒரு தட்டையான நிழற்படம். கதிர் போகும் வழியில் உள்ள கால்சியம் எல்லாவற்றையும் எலும்பு என்றே எண்ணிக்கொள்ளும். மேலே எக்ஸ்ரே பதிலில் சொன்ன கல்லான பெருந்தமனி முதுகெலும்புக்கு நேர் முன்னால் ஓடுகிறது. வயதால் முள்ளெலும்புகளில் வளரும் எலும்பு முனைப்புகளும் கூட்டிக் காட்டும். இந்த இரண்டும் சேர்ந்து மோசமான முதுகைக்கூட நல்ல முதுகாகக் காட்டிவிடும்.

இன்னொரு இடத்தையும் கேட்டு வாங்கலாம்: முன்கை எலும்பில் மணிக்கட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் உள்ள இடம். அது ஏறக்குறைய முழுக்கக் கெட்டியான வெளி ஓட்டு எலும்பு. பி.டி.எச். அதிகமானால் முதலில் அடிபடுவது அந்த வகை எலும்புதான். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா உள்ள கையை விட்டுவிட்டு மறுகையில் எடுக்கச் சொல்லுங்கள். ஃபிஸ்டுலாவால் மாறிய ரத்த ஓட்டம் அந்தக் கை எலும்பையும் பாதிக்கும். ஸ்கேன் எடுப்பவருக்கு முழுக்கைச் சட்டைக்குள் இருக்கும் ஃபிஸ்டுலா தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஃப்ராக்ஸ்னு இன்டர்நெட்ல கணக்குப் போட்டேன். ஆபத்து கம்மின்னு வந்துச்சு. நிம்மதியா இருக்கலாமா?

பத்து ஆண்டுகளில் முறிவு வரும் வாய்ப்பைக் கணிக்கும் ஃப்ராக்ஸ் 2008-இல் வந்தது. வயது, எடை, முந்தைய முறிவு, ஸ்டீராய்டு எல்லாம் கேட்கும், இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு என்று கேட்காது. பி.டி.எச்., எத்தனை வருட டயாலிசிஸ் என்பதையும் கேட்காது. அது காட்டும் சதவீதத்தைக் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கீழே விழும் பழக்கத்தையும் அது கேட்பதில்லை. டயாலிசிஸ் முடிந்து எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றுவது, தொடைத் தசை மெலிந்து நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாமல் போவது, நீரிழிவால் பாதம் மரத்துப்போவது போன்றவை அடர்த்தி எண்ணைவிடப் பெரிய ஆபத்தாகிவிடுவதும் உண்டு. கடந்த ஓராண்டில் எத்தனை முறை விழுந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

போன வருஷம் மைனஸ் 2.1, இந்த வருஷம் மைனஸ் 2.3. மருந்து வேலை செய்யலையா?

இவ்வளவு சின்ன வித்தியாசம் கருவியின் பிழை எல்லைக்குள்ளேயே அடங்கிவிடலாம். காலைச் சற்றுத் திருப்பி வைத்தாலே இடுப்பு எண் மாறும். டி-ஸ்கோரை ஒப்பிடாமல், சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்று போட்டிருக்கும் அடர்த்தியை ஒப்பிட வேண்டும். அந்த மையத்தின் கருவிக்கு எவ்வளவு மாறினால் அது உண்மையான மாற்றம் என்று ஒரு அளவு வைத்திருப்பார்கள், அதைக் கேளுங்கள். கருவி மாறிவிட்டால் ஒப்பீடே செல்லாது.

எலும்புல ஊசி விட்டு எடுக்கற பயாப்ஸி கட்டாயமா?

கட்டாயம் இல்லை. ஆனால் எலும்பின் வேகம், தாது படியும் விதம், எலும்பின் அளவு மூன்றையும் ஒருசேரக் காட்டுவது அது ஒன்றுதான். ரத்தப் பரிசோதனைகள் முன்னுக்குப்பின் முரணாக வரும்போது, காரணம் தெரியாமல் எலும்பு முறியும்போது, அலுமினியம் படிந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழும்போது அதை யோசிக்க வேண்டும். இன்ன வகை என்று தெரிந்தால் சிகிச்சை மாறும் என்றால் செய்யலாம் என்கிறது 2017 வழிகாட்டுதல். எலும்பை வலுப்படுத்தும் மருந்தைத் தொடங்கும் முன் பயாப்ஸி செய்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தையும் அது கைவிட்டது.

செய்முறை சுவாரசியமானது. முதலில் டெட்ராசைக்ளின் மாத்திரையைச் சில நாள் கொடுப்பார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளி விட்டு மறுபடியும் சில நாள். அந்த மருந்து, அன்றன்று புதிதாகத் தாது படியும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். சில நாள் கழித்து, மரத்துப்போக ஊசி போட்டு இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்து பென்சில் தடிமனில் ஒரு சிறு துண்டை எடுப்பார்கள். புற ஊதா ஒளியில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தால் இரண்டு ஒளிரும் மஞ்சள் கோடுகள் தெரியும். கோடுகளுக்கு நடுவில் உள்ள தூரத்தை நாட்கணக்கால் வகுத்தால் எலும்பு கட்டப்படும் வேகம் கிடைத்துவிடும். கோடே விழவில்லை என்றால் அங்கே கட்டுமானமே நடக்கவில்லை.

பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் டெட்ராசைக்ளினோடு ஒரே நேரத்தில் சாப்பிட்டால் மருந்து உடலில் சேராது. கோடு விழாமல் போய், இல்லாத நோயை இருப்பதாகச் சொல்ல நேரும். நேரத்தைச் சரியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். இந்தத் துண்டைத் தாது நீக்காமல் பதப்படுத்திப் படிக்கத் தெரிந்த ஆய்வகங்கள் மிகவும் குறைவு என்பதுதான் பலருக்கு இது கிடைக்காமல் போகக் காரணம். வலி அதைவிடச் சிறிய பிரச்சினை.

அக்காவுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டு முடிச்சுட்டாங்க. எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு டெஸ்ட்?

உங்கள் அக்காவின் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. அவர் போட்டுக்கொள்வது எலும்பு கரைவதைத் தடுக்கும் டெனோசுமாப் ஆக இருக்கலாம். முற்றிய சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு, முக்கியமாக டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு, அது ரத்தக் கால்சியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும். 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் உறையில் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது இதற்காகத்தான். போட்டே தீர வேண்டும் என்றால் முன்பும் பின்பும் கால்சியத்தை நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும். தொடங்கிவிட்டு நடுவில் நிறுத்தினால் இழப்பு வேகமாகத் திரும்பி முதுகெலும்புகள் நசுங்கலாம் என்பது இன்னொரு சிக்கல்.

அதே வேலைக்காக வருடத்துக்கு ஒரு முறை போடும் சோலெட்ரானிக் அமிலத்தை, கிரியேட்டினின் வெளியேற்றம் 35-க்குக் கீழே இருப்பவருக்குப் போடக் கூடாது. மருந்து இல்லை என்பதல்ல இதன் பொருள். எலும்பு ஓடுகிறதா உறங்குகிறதா என்று தெரியாமல் மருந்தைத் தொட முடியாது என்பதே.

மாற்றுச் சிறுநீரகம் வெச்சாச்சு. இனி எலும்பு தானா சரியாகிடும்ல?

பி.டி.எச். பலருக்கு இறங்கும், எல்லோருக்கும் நார்மலுக்கு வராது. ஆனால் முதல் 6 முதல் 12 மாதத்தில் ஸ்டீராய்டால் எலும்பு இழப்பு வேகமெடுக்கும். பழைய பாதிப்பின் மேல் புதிய பாதிப்பு. டெக்ஸா எடுப்பதானால் இந்தக் காலத்திலேயே எடுத்து அடிப்படை எண்ணை வைத்துக்கொள்வது நல்லது. தொடை இடுக்கில் புதிதாக வலி வந்தால் மட்டும் டெக்ஸாவோடு நின்றுவிடாதீர்கள். இடுப்பு மூட்டுப் பந்துக்கு ரத்தம் போகாமல் எலும்பு மடிவது ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு வரக்கூடியது. தொடக்கத்தில் அதைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான்.

குழந்தைக்கும் இதே டெஸ்ட்தானா?

ரத்தப் பரிசோதனைகள் ஏறக்குறைய அவைதான். வளரும் எலும்பில் டெக்ஸா எண்ணைப் படிப்பது கடினம். உயரம் குறைவான குழந்தைக்கு அடர்த்தியும் குறைவாகவே தெரியும். உயர அளவுதான் முதன்மை: கைக்குழந்தைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது, பெரிய குழந்தைக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது. கால் வளைவதும் மணிக்கட்டு தடிப்பதும் கவனிக்க வேண்டியவை.

பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சுடுச்சு. ஆனா டி-ஸ்கோர் மைனஸ் 1.8-தான். அப்ப எலும்பு நோய் இல்லையா?

இருக்கிறது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தால், எண் என்னவாக இருந்தாலும் அந்த எலும்பு பலவீனமானதுதான். டெக்ஸா அளவைத்தான் சொல்கிறது, தரத்தைச் சொல்வதில்லை. வெளி ஓட்டில் விழுந்த துளைகளும், செயலற்ற எலும்பில் சேர்ந்த விரிசல்களும் அந்த எண்ணில் தெரியாது. வெளி ஓட்டையும் உள் வலையையும் தனித்தனியாகப் படமெடுக்கும் நுண்ணிய சி.டி. கருவிகள் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் ஆராய்ச்சி மையங்களில்தான் இருக்கின்றன. முறிவு வந்தவருக்கு அடுத்து எடுக்க வேண்டியது முதுகெலும்பின் பக்கவாட்டுப் படம். ஒன்று முறிந்தவருக்கு ஏற்கெனவே இன்னொன்று சத்தமில்லாமல் நசுங்கியிருப்பது புதிதல்ல.

பாராதைராய்டு ஆபரேஷன் பண்ணி பி.டி.எச். 1500-ல இருந்து 20-க்கு வந்துடுச்சு. இனி எந்த டெஸ்ட்டும் வேண்டாம்தானே?

முதல் சில நாட்களும் வாரங்களும் மற்ற எப்போதையும்விட அதிகப் பரிசோதனை தேவைப்படும் காலம். இத்தனை வருடம் இழந்துகொண்டிருந்த எலும்பு திடீரென்று கால்சியத்தை இழுத்துக்கொள்ளத் தொடங்கும். ரத்தத்தில் கால்சியம் சரியும். அறுவை சிகிச்சைக்கு முன் ஆல்கலைன் பாஸ்படேஸ் மிக அதிகமாக இருந்தவர்களுக்கு இந்தச் சரிவு கூடுதலாக இருக்கும். உதடும் விரல் நுனியும் மரமரத்தாலோ, கை தானாக இழுத்துக்கொண்டாலோ அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் உடனே சொல்ல வேண்டும். மேலே கால்சியம் மாத்திரைக்காகக் கடிந்துகொள்வேன் என்று எழுதியிருக்கிறேன். இந்தக் கட்டத்தில் அந்த மாத்திரையைக் கைநிறையக் கொடுப்பதும் நாங்கள்தான்.

பிறகு பெரும்பாலானவர்களுக்கு அடர்த்தி நன்றாகவே ஏறும். ஆகவே அறுவை சிகிச்சைக்கு முன்பு ஒரு டெக்ஸா எடுத்து வைத்திருந்தால், ஓராண்டு கழித்து அதே கருவியில் எடுத்து ஒப்பிடலாம். 20-இலேயே தங்கிவிட்ட பி.டி.எச். பின்னால் எலும்பை உறங்க வைக்கவும் கூடும் என்பதால், 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை பி.டி.எச்., அதோடு ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற பழைய அட்டவணை அப்படியே தொடரும்.